பயிர் வரையும் படம்: விளைநிலத்தின் அடியில் புதைந்தவற்றை வானிலிருந்து அறிதல்

மண்ணை ஒரு முறை ஆழமாக வெட்டிவிட்டால் அது பழைய மண்ணாக மீள்வதில்லை. வெட்டிய அகழி நாளடைவில் தூர்ந்துபோகும். அதன் மேல் நூறு தலைமுறை ஏர் ஓடும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அங்கே சமமான விளைநிலம் தவிர வேறொன்றும் தெரியாது. அடியில் மட்டும் அந்த வேற்றுமை அப்படியே இருக்கும். வெட்டுப்படாத நிலம் கெட்டியான சரளையாகவோ வெண்சுண்ணப் பாறையாகவோ இருக்க, அகழிக்குள் சேர்ந்திருப்பது மேலிருந்து சரிந்த வளமான மண், மக்கிய தழை, வாழ்ந்தவர்கள் எறிந்த குப்பை. அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை பொய்த்த கோடையில் அதன் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சை மாறாமல் ஒரு கோடாகவும் வளையமாகவும் தெரியும். தொல்லியலார் இதைப் பயிர்த்தடம் என்கிறார்கள். வான்வழிப் புகைப்படங்களைக் கொண்டு நடக்கும் தொல்லியல் ஆய்வில் பெரும்பகுதி இந்தத் தடங்களைத் தேடுவதும் படிப்பதும்தான்.

மேல்மண்ணிலேயே போதிய ஈரம் இருக்கும் வரை, அடியில் என்ன புதைந்திருந்தாலும் பயிரில் எந்த மாற்றமும் தெரியாது. வாரக்கணக்கில் மழையில்லாமல், பயிர் குடிக்கும் நீர் மண்ணில் சேரும் நீரை விஞ்சும்போதுதான் வேர் ஆழத்தைத் தேடுகிறது. அகழிக்கு நேர் மேலே நிற்கும் பயிருக்கு ஒரு மீட்டர் ஆழத்திலும் ஈரமண் கிடைக்கிறது. நான்கடி தள்ளி நிற்கும் பயிரின் வேர் ஒரு முழத்துக்குள் சரளையைத் தட்டி நின்றுவிடுகிறது. முதலாவது உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து, பழுக்கும் நாளையும் தள்ளிப்போடுகிறது. இரண்டாவது குட்டையாக நின்று முன்கூட்டியே மஞ்சளாகிறது. புதைந்திருப்பது அகழியாக இல்லாமல் சுவரின் அடித்தளமாகவோ கல்பாவிய சாலையாகவோ இருந்தால் கதை தலைகீழ். அங்கே மண்ணின் ஆழம் குறைவு என்பதால் சுற்றிலும் பச்சையாக இருக்க, சுவரின் கோடு மட்டும் வெளிறிக் காய்ந்து தெரியும்.

தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலில் இப்படி நிகழ இடமில்லை. அங்கே எந்த வேரும் தாகம் அறிவதில்லை. வானம் பார்த்த புஞ்சையின் தன்மைதான் இதற்கு வேண்டும். ஐரோப்பாவின் கோதுமை, பார்லி வயல்கள் பெரும்பாலும் அத்தகையவை. அதனால்தான் இந்த ஆய்வுமுறை அங்கே பிறந்து வளர்ந்தது.

விமானம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பயிரின் இந்த நடத்தை கண்ணில் பட்டிருக்கிறது. 1586இல் முதலில் வெளிவந்த பிரிட்டானியா என்னும் நூலை எழுதிய வில்லியம் கேம்டன், கென்ட் பகுதியில் ரிச்பரோ என்னும் ரோமானியத் துறைமுகம் இருந்த இடத்தில், பயிர் மெலிந்து நின்ற கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைப் பழைய தெருக்களின் தடம் என்று பதிவு செய்தார். அவ்வூர் மக்கள் அதைப் புனித அகஸ்டினின் சிலுவை என்று அழைத்துவந்தார்கள். 1719இல் வில்லியம் ஸ்டக்லி எசெக்ஸில் உள்ள கிரேட் செஸ்டர்ஃபோர்டில் கோயில் ஒன்றின் அடித்தள வடிவத்தைப் பயிரிலேயே கண்டார். இருவரும் தரையில் நின்றே பார்த்தவர்கள். கோடு நேராகவும் அருகிலும் இருந்ததால் அவர்களுக்குப் புலப்பட்டது. பரந்து கிடக்கும் வடிவம் தரையில் நிற்பவர் கண்ணுக்குள் அடங்காது.

உயரத்தின் தேவையை விளக்க ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட் ஓர் உவமை சொல்வதுண்டு: கம்பளத்தின் மேல் நடக்கும் பூனைக்கு நிறத் திட்டுகள் மட்டுமே தெரியும்; எழுந்து நிற்கும் மனிதருக்குத்தான் கோலம் முழுவதும் தெரியும். முதல் உலகப் போரில் பிரிட்டனின் பறக்கும் படையில் நோக்கராக இருந்த கிராஃபோர்ட், 1920இல் ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அந்நாட்டு நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அலுவலர் ஆனார். 1922இல் விமானப் படையினர் ஹாம்ப்ஷயர் வயல்களின் மேல் எடுத்த சில படங்கள் அவர் பார்வைக்கு வந்தன. இரும்புக்கால உழவர்களின் சிறு சதுர வயல்கள், அவற்றின் வரப்புகளோடு, இன்றைய பெரிய வயல்களுக்கு அடியில் வலைப்பின்னலாகப் படர்ந்திருப்பதை அவற்றில் அவர் கண்டார். ஆண்டுக்கணக்காக நடந்து அளந்தும் பிடிபடாத ஒன்று சில கண்ணாடித் தகடுகளில் கிடைத்துவிட்டது. அன்று முதல் அவரது உழைப்பின் பெரும்பகுதி இதற்கே சென்றது.

அடுத்த ஆண்டே அதன் பயன் உலகறியத் தெரிந்தது. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து புறப்படும் அகன்ற பாதை ஒன்றை 18ஆம் நூற்றாண்டில் ஸ்டக்லி கண்டு எழுதியிருந்தார். இருபுறமும் அகழி வெட்டி எல்லை காட்டிய அந்தப் பாதையின் ஒரு பகுதி உழவில் அழிந்து, எங்கே திரும்பி எங்கே முடிந்தது என்பது தெரியாமல் இருந்தது. 1921இன் வறண்ட கோடையில் விமானப் படை எடுத்திருந்த படங்களை 1923இல் ஆராய்ந்த கிராஃபோர்ட், இரு மெல்லிய இணைகோடுகள் வளைந்து ஏவன் ஆற்றை நோக்கிச் செல்வதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் கோடுகளின் குறுக்கே தோண்டியபோது அகழிகள் குறித்த இடத்திலேயே இருந்தன. அந்தப் படங்களை எடுத்தவர்களுக்குத் தொல்லியல் நோக்கம் ஏதும் இருந்ததில்லை. இரண்டு ஆண்டு பழைய படத்தில் கிடைத்த இந்த வெற்றி, பழைய படங்களின் இருப்பு எவ்வளவு பெரிய செல்வம் என்பதையும் முதலிலேயே உணர்த்திவிட்டது. 1924இல் கிராஃபோர்டும் அலெக்சாண்டர் கெய்லரும் விமானத்தை வாடகைக்கு அமர்த்தி, தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறைக் குன்றுகளின் மேல் தொல்லியலுக்கென்றே பறந்தார்கள். அந்தப் படங்கள் 1928இல் வெசெக்ஸ் ஃப்ரம் தி ஏர் என்ற நூலாயின.

படிப்பதற்குக் கற்றுத்தரும் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுவது உட்ஹெஞ்ச். விக்டோரியா சிலுவை பெற்ற விமானியான கில்பர்ட் இன்சால் 1925இல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் பறந்தபோது, உழுத வயலில் ஒரு வட்டத்தையும் அதன் நடுவே வெண்திட்டுகளையும் பார்த்தார். அது உழவில் சிதைந்த ஈமமேடு என்றே அதுவரை எண்ணப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு கோடையில் அதே வயலில் கோதுமை நின்றபோது அவர் மீண்டும் பறந்தார். வட்டத்துக்குள் கரும்பச்சைப் புள்ளிகள், ஒன்றனுள் ஒன்றாகப் பல வளையங்களில் அடுக்கி நின்றன. மாட் கன்னிங்டனும் பென் கன்னிங்டனும் நடத்திய அகழாய்வில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கம்பக்குழி என்று உறுதியானது. புதிய கற்காலத்தின் இறுதியில், 4,000 ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு முன், ஆறு முட்டைவடிவ வளையங்களாக மரத்தூண்கள் நடப்பட்டிருந்த இடம் அது. மரம் மக்கி மறைந்துபோனாலும், மரம் நின்ற குழி ஈரத்தைக் காத்துவைத்திருந்தது.

உழுத மண்ணில் மங்கலான திட்டாக இருந்தது பயிர் வளர்ந்ததும் கம்பக்குழிகளாகப் பிரிந்து தெரிந்தது என்பதே அந்த நிகழ்வின் முதன்மையான பாடம். ஒரே வயல் வெவ்வேறு பருவத்தில் வெவ்வேறு செய்தியைத் தரும். எனவே தடங்களை அவை தோன்றும் விதத்தால் பிரித்து அறிவது வழக்கம். உழுத வெறுநிலத்தில் நிற வேறுபாடாகத் தெரிவது மண்தடம். சுண்ணப்பாறை நிலத்தில், கலைந்த மண்மேட்டின் அடிப்பகுதியை ஏர் கீறும்போது வெண்வளையம் மேலே வரும். தூர்ந்த அகழி கருவளையமாகக் காட்டும். வடபிரான்சின் சோம் பகுதியில் ரோஜர் அகாஷ் 1960களில் குளிர்காலந்தோறும் பறந்து, ஈரம் சுவறிய உழவுநிலத்தில் ரோமானியர் காலப் பண்ணை மாளிகைகளின் சுவர்க் கோடுகளைப் படமெடுத்தது இவ்வகையில்தான். அடித்தளத்துக்குப் போட்ட சுண்ணக்கல் துணுக்குகள் ஏர்முனையில் சிக்கி மேலே வந்து, ஒவ்வோர் அறையின் வடிவத்தையும் வெண்கோடாகக் காட்டின.

இன்னும் சிறிதளவாவது மேடுபள்ளம் எஞ்சியிருக்கும் நிலத்தில் நிழல்தடம் துணை செய்யும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் அடிக்கும்போது ஒரு சாண் உயர வரப்பும் நீண்ட நிழலை வீழ்த்தும். 1925 முதல் சிரியாவின் பாலைநிலத்தில் ரோமானிய எல்லைக் காவலரண்களையும் சாலைகளையும் தேடிப் பறந்த ஏசுசபைத் துறவி அந்துவான் புவாதபார் இந்தச் சாய்வெயிலையே பெரிதும் நம்பினார். பனி பெய்யும் நாடுகளில் பள்ளத்தில் தங்கும் பனியும், மெல்லிய உறைபனி முதலில் உருகும் இடங்களும்கூட வடிவம் காட்டும். இவை எல்லாமே சில மணி நேரக் காட்சிகள்.

பயிர்த்தடத்தின் ஆயுள் அவ்வளவு குறுகியதன்று. ஆனாலும் சில நாள் முதல் சில வாரம் வரைதான். பிரிட்டனில் அதற்குரிய மாதங்கள் பெரும்பாலும் ஜூனும் ஜூலையும். பயிர்களுக்குள் பார்லியும் கோதுமையும் நுட்பமானவை. நெருக்கமாக விதைத்த தனித்தனித் தாள்கள் ஒரு படத்தின் புள்ளிகளைப் போல நின்று, ஒரு கம்பக்குழியின் அளவைக்கூடக் காட்டவல்லவை. சர்க்கரைக் கிழங்குச் செடிகள் வாடும்போது ஓரளவு காட்டும். புல்வெளி கடும் வறட்சி வந்தாலொழிய வாய் திறக்காது. தடத்தின் முகமும் நாளுக்கு நாள் மாறும். பயிர் மொத்தமும் பச்சையாக இருக்கும்போது அகழியின் மேல் கரும்பச்சை. பழுக்கும் காலத்தில் பொன்மஞ்சளுக்கு நடுவே பச்சைக் கோடு. முழுவதும் முற்றிய பிறகு நிற வேறுபாடு போய், உயர வேறுபாட்டின் நிழல் மட்டும். மிதமிஞ்சிச் செழித்த பயிர் காற்றுமழையில் சாய்ந்துவிட்டால், அந்தச் சாய்ந்த பட்டையே அகழியின் வழியைச் சொல்லும்.

நிலத்தின் அடிப்பாறையும் இதில் சமமான பங்கு வகிக்கிறது. ஆற்றோரச் சரளைத் திட்டுகளும் சுண்ணப்பாறையும் நீரை விரைவில் வடித்துவிடுபவை. தடம் அங்கே தெளிவாக எழும். 1930களில் மேஜர் ஜார்ஜ் ஆலன் தேம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் தம் சொந்த விமானத்தில் பறந்து எடுத்த படங்கள் சரளை நிலத்தின் வளத்தை உலகுக்குக் காட்டின. களிமண் தானே நீரைப் பிடித்துவைப்பதால் அகழிக்கும் அதன் அண்டைக்கும் பேதம் குறைவு. களிமண் நிலத்தில் பழங்காலத்தவர் குடியேறவில்லை என்ற தவறான முடிவு நெடுநாள் நிலவியதற்கு இதுவும் ஒரு காரணம். 1976 போன்ற கொடிய வறட்சி ஆண்டுகளில் களிமண்ணும் தன் தடங்களை வெளியிட்ட பின்னரே அந்த எண்ணம் தளர்ந்தது. தடம் தெரியாத இடத்தை ஆளில்லாத இடம் என்று கொள்வது இத்துறையில் மிக எளிதாக நேரும் பிழை. ஆராய்ச்சி வரைபடங்களில் அது இன்றும் முற்றிலும் நீங்கவில்லை.

படம் எடுக்கும் முறை இரண்டு. கேமராவை நேர்கீழாகப் பொருத்தி, ஒரு படம் அடுத்ததன் பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தை மீண்டும் உள்ளடக்குமாறு வரிசையாக எடுப்பது செங்குத்துப் படம். அடுத்தடுத்த இரண்டையும் இரட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் நிலம் மேடுபள்ளத்தோடு எழும்பும். சிறு விமானத்தின் சன்னல் வழியாக, கண்ணில் பட்டதை வட்டமடித்து எடுப்பது சாய்வுப் படம். ஒரு திசையிலிருந்து தெளிவாகத் தெரியும் தடம், விமானம் அரைவட்டம் திரும்பியதும் மறைந்துவிடும். வெயிலும் பார்வைக் கோணமும் பொருந்தும் இடத்தை வானத்தில் தேடிப் பிடிக்கவேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜே. கே. செயின்ட் ஜோசஃப் 1945 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் இவ்வாறு பறந்து, ரோமானியப் படைமுகாம்கள் பலவற்றைக் கண்டார். அவர் தொடங்கிய தொகுப்பில் ஏறத்தாழ 5 லட்சம் படங்கள் உள்ளன. சாய்வுப் படத்துக்கு ஒரு குறையுண்டு. பறப்பவர் எதைத் தொல்பொருள் என்று அறிந்திருக்கிறாரோ அதையே படமெடுப்பார்; அறியாததைக் கடந்து போய்விடுவார். செங்குத்துப் படம் பாகுபாடின்றி அனைத்தையும் பதியும். அதனால்தான் வேறு நோக்கத்துக்கு எடுத்த படங்களில் புதிய கண்டுபிடிப்புகள் இன்னும் கிடைக்கின்றன.

வடிவத்தைப் படிப்பதில் முதல் படி அளவும் கோணமும். பத்து முதல் நாற்பது மீட்டர் குறுக்களவுள்ள தனி வளைய அகழி, வெண்கலக் கால ஈமமேட்டின் சுற்றகழியாக இருக்க வாய்ப்பு மிகுதி. சிறு வளையத்தில் ஒரு பக்கம் திறப்பு இருந்தால் அது வட்டக் குடிசையின் நீர்வடிகாலாக இருக்கலாம். மூலைகள் உருண்ட நீள்சதுரம், சீட்டுக்கட்டின் சீட்டைப் போல, ரோமானியப் படைமுகாமின் முத்திரை. கீழை யார்க்‌ஷயரில் சிறு சதுர அகழிகளின் நடுவே ஒரு குழி என்ற அமைப்பு கூட்டங்கூட்டமாகத் தென்பட்டால் அவை இரும்புக்காலச் சவக்குழிகள். விட்டுவிட்டு வெட்டப்பட்ட துண்டு அகழிகளாலான பெருவளையம் புதிய கற்கால அடைப்புகளுக்கு உரியது. இத்தகைய ஒப்பீடுகளுக்கு அகழாய்வு செய்த இடங்களின் அறிவே அளவுகோல்.

வடிவம் காலத்தைச் சொல்லிவிடாது. இரண்டு அகழிகள் ஒன்றையொன்று வெட்டுவது படத்தில் தெரியும். எது முந்தியது என்பது பெரும்பாலும் தெரியாது. மண்வெட்டிதான் அதை முடிவு செய்யவேண்டும். வட்டங்கள் குறிப்பாக ஏமாற்றும். இடைக்கால இங்கிலாந்தின் மரக் காற்றாலையும் சுற்றகழியோடு மேட்டின் மேல் நின்றது. அதன் அடித்தளத்தில் சட்டம் பதிக்க வெட்டிய சிலுவைப் பள்ளம் நடுவில் தெரிந்தால் மட்டுமே ஈமமேட்டிலிருந்து அது பிரியும். புல்வெளியில் பூஞ்சை வளையமாகப் பரவும். முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு வட்டமாக மேயும். இரண்டாம் உலகப் போரின் தேடுவிளக்கு நிலையங்களும் வட்டத் தடங்களை விட்டுச் சென்றன.

இயற்கையும் ஏமாற்றும். பனியூழிக் காலத்தில் நிலம் உறைந்து வெடித்த பிளவுகள் பின்னர் மண்ணால் நிரம்பி, பல்கோண வலையாகப் பயிரில் தெரிகின்றன. பழைய ஓடைகள் வளைந்து நெளிந்து கரும்பட்டைகளாகத் தெரியும். களிமண் வயலில் மீன்முள் போலக் கிளைக்கும் கோடுகள் உழவர் பதித்த வடிகால் குழாய்கள். ஒரு தடத்தை மனிதர் வெட்டியது என்று கொள்வதற்கு முன் இவை ஒவ்வொன்றையும் விலக்கியாக வேண்டும். அதற்கு மண்ணியல் வரைபடம், பழைய நில அளவைப் படம், குழாய் பதித்த பதிவுகள் ஆகியவை புகைப்படத்தின் பக்கத்திலேயே விரிந்திருக்கவேண்டும். அவற்றைப் பாராமல் படத்தை மட்டும் நம்பி எழுதிய விளக்கம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் ஏற்கத் தகாது.

படித்ததை வரைபடத்தில் ஏற்றுவது அடுத்த வேலை. சாய்வுப் படத்தில் தொலைவு சுருங்கியும் கோணம் சிதைந்தும் இருக்கும். வயலின் மூலை, சாலைச் சந்திப்பு, வீட்டுக் கூரை என வரைபடத்திலும் படத்திலும் பொதுவாக உள்ள நான்கு புள்ளிகளாவது கிடைத்தால், கணக்கீட்டால் படத்தை நிமிர்த்தி உரிய இடத்தில் பொருத்தலாம். நிலம் மேடுபள்ளமாக இருந்தால் அதன் உயர விவரமும் சேரவேண்டும். முன்பு தாளில் கையால் செய்த இதைக் கணினி எளிதாக்கிவிட்டது. ஒரே வயலின் பல ஆண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் முழு அமைப்பும் தெரிகிறது. ஒரு கோடையில் வடபாதி தெரிந்திருக்கும். பத்து ஆண்டு கழித்து வேறொரு பயிரில் தென்பாதி வந்திருக்கும்.

பயிரின் வாட்டம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அகச்சிவப்புக் கதிரில் வெளிப்படும். நலமான இலை அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இதன் பயனை மிகச் சிறப்பாகக் காட்டியது வெனிஸ் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள அல்டினும். வெனிஸுக்கு முன்னோடியான இந்த ரோமானிய நகரத்தின் மேல் பிற்காலத்தில் ஊர் எதுவும் எழவில்லை. மக்காச்சோளமும் சோயாவும்தான் விளைந்தன. 2007 ஜூலையில், வறட்சி நிலவியபோது, பாதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்திய படங்களில் நகரம் முழுவதும் எழுந்துவந்தது. அரங்கம், வட்டரங்கு, மன்று, தெருக்கள், மதில், அதன் வாயில்கள், நகரின் ஊடே ஓடிய பெரிய கால்வாய் எல்லாம் பயிரின் நிறத்தில் தெரிந்தன. கல் கட்டுமானத்தின் மேல் வாடிய பயிரும் கால்வாயின் மேல் செழித்த பயிரும் ஒரே படத்தில் அமைந்தன. 2009இல் சயன்ஸ் இதழில் வெளியான அந்த வரைபடத்துக்காக ஓர் அடி மண்ணும் தோண்டப்படவில்லை.

தெற்கு இத்தாலியின் தவோலியரே சமவெளியும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஃபோஜியா நகரைச் சுற்றி எடுத்த பிரிட்டிஷ் விமானப் படைப் படங்களில் ஜான் பிராட்ஃபோர்ட் புதிய கற்காலக் கிராமங்கள் 200க்கு மேல் கண்டார். பெரிய அகழி ஒன்று ஊரைச் சூழ, உள்ளே ஒவ்வொரு குடும்பத்தின் இருப்பிடத்தையும் சுற்றிச் சிறு அகழி வெட்டியிருந்தார்கள். அதற்குமுன் அங்கே அத்தனை ஊர்கள் இருந்ததை எவரும் ஊகித்ததில்லை.

அயர்லாந்தின் பாய்ன் பள்ளத்தாக்கில், 2018 ஜூலையின் வறட்சியில், நியூகிரேஞ்ச் பெருங்கல்லறைக்கு அருகே ட்ரோன் பறக்கவிட்ட ஆன்டனி மர்ஃபியும் கென் வில்லியம்ஸும் ஒரு தானிய வயலில் துண்டுதுண்டான இரட்டை வளையத்தைக் கண்டார்கள். நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ச்சியாளர் கால் படாத நாளில்லை என்று சொல்லத்தக்க இடம் அது. ட்ரோன், விமானம் போலச் செலவு வைக்காது. தடம் தெரியும் அந்தச் சில நாளில் அருகில் இருப்பவர் உடனே எழுப்பிவிடலாம். பரந்த பகுதியைத் தேடுவதற்கு மட்டும் விமானமும் செயற்கைக்கோளும் இன்னும் தேவை. 1995இல் வெளியிட அனுமதிக்கப்பட்ட கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள், வடகிழக்குச் சிரியாவின் மேட்டு ஊர்களிலிருந்து ஆரக்கால்களாகப் பிரியும் பழைய வழித்தடங்களைக் காட்டின. ஆள்நடையாலும் மந்தைகளாலும் தேய்ந்து குழிந்த அந்த வழிகள், 1960களில் படமெடுக்கும்போது இன்னும் ஈரம் தாங்கிக் கருமையாக இருந்தன. பின்னர் பெருகிய பாசனமும் ஆழ உழவும் அவற்றில் பலவற்றை அழித்துவிட்டன.

பயிர்த்தடம் மிகத் தெளிவாகத் தெரிவது எப்போதும் நற்செய்தியன்று. மேல்மண் மெலிந்து, ஏர்முனை அகழியின் விளிம்பைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டது என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்த்தால் மண்தடத்தின் வெண்மை பரவி மங்குவது, மேட்டின் கடைசி மண்ணும் வயலில் கலந்துவிட்டதைக் காட்டும். சரளை நிலத்துக்கு வேறொரு இடர். தடத்தைத் தெளிவாகக் காட்டும் அதே சரளைதான் சாலைக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய பொருள். 1960இல் இங்கிலாந்தின் அரச வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம், ஆற்றுச் சரளைப் படுகைகளின் வான்படங்களைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கை, குழிதோண்டும் வேகம் தொல்லியலாரின் வேகத்தை எவ்வளவு முந்திவிட்டது என்று எச்சரித்தது. அதன் பின்னரே மீட்பு அகழாய்வுக்கு ஆதரவு கூடியது. ஆலனும் அவருக்குப் பின் வந்தவர்களும் படமெடுத்த தேம்ஸ் கரை வயல்கள் பல இன்று நீர் நிறைந்த சரளைக் குழிகள். அங்கே இருந்த வளையங்களும் அடைப்புகளும் எங்கே, எந்த அளவில், எவ்வாறு அமைந்திருந்தன என்பதற்கு, தோண்டிப் பார்க்க வாய்க்காத இடங்களைப் பொறுத்தவரை, எஞ்சியிருப்பவை ஏதோ ஒரு ஜூன் மாதப் பிற்பகலில் எடுத்த அந்தப் படங்கள் மட்டுமே.